பாக்கியரத்தினத்தின் பாட்டுக் கொப்பி

முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டது. முதலில் நீண்ட ஒரு கீச்சு. ஒரு கணம் அமைதி. பிறகு தகரத்தில் மணலை அள்ளி வீசுவதுபோல் சரசரவென்று ஓர் இரைச்சல்.

குசினியில் தேயிலைத் தண்ணீர் கொதித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. கமலேஸ்வரி அதைக் கவனிக்கவில்லை. அடுப்படியில் நின்றபடியே கண்ணை மூடி அந்த இரைச்சலோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம். ஐந்தே ஐந்து நிமிடம் அது அறுபடாமல் ஓடிவிட்டால் அவளுடைய கணவர் வீட்டுக்கு வந்துவிடுவார்.

இரைச்சல் பட்டென்று நின்றது.

"அல்லாவே! திரும்பியும் நிண்டுட்டுது கமலாக்கா!" முன்னறையிலிருந்து பக்கத்து வீட்டு றுக்கியா கத்தினாள். "ஆட்டை அறுக்கிற மாதிரி நல்லாக் கத்திச்சு, இந்த முறை சரிவருமெண்டு பாத்தன். ரீவியில அந்த இங்கிலீசு வரி வந்து நிக்குது."

நாடாவில் பிழை என்று சொல்லும் அந்த வரியைக் காலையிலிருந்து ஆறு தடவை பார்த்தாகிவிட்டது. இது ஏழாவது. மணி இரண்டேமுக்கால். மூன்று மணிக்கு இராணுவ முகாமிலிருந்து அதிகாரி வருவார். வந்து அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் பாட்டு இருக்கிறதா இல்லையா என்று தன் காதால் கேட்பார். இருந்தால் அவள் கணவர் பாக்கியரத்தினம் நிரபராதி. இல்லாவிட்டால்?

கமலேஸ்வரி முன்னறைக்கு ஓடினாள்.

பாக்கியரத்தினத்தைத் திருகோணமலையில் எல்லோருக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது. தெரியும்படியாக அவர் எதுவும் செய்ததில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கோதுமைக் கப்பல்களில் இறங்கும் மூட்டைகளைப் பதிகிற கிளாக்கர். அரைக்கை வெள்ளைச் சட்டை, பொக்கற்றில் இரண்டு பேனை, ஒரு பழைய சைக்கிள். உள்துறைமுக வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கையில் இரண்டு அறை வீடு. பாட வராது. கோயிலில் எல்லோரும் தேவாரம் பாடும்போது வாயை மட்டும் அசைப்பார். "என்ரை குரலைக் கேட்டால் பிள்ளையார் எழும்பி அக்கரை மூதூருக்கு லோஞ்ச் ஏறிவிடுவார்" என்று தானே சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவியோ ஆர்மோனியப் பெட்டியோடு புகுந்த வீட்டுக்கு வந்தவள். வெள்ளிக்கிழமை பஜனைக்குக் கமலேஸ்வரி பெட்டியைத் திறந்தால் வீதியில் போகிறவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். அந்த விரல்களுக்கு என்ன கண் பட்டதோ, மூன்று முறை கருவுற்றாள், மூன்று முறையும் வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். மூன்றாவதற்குப் பின் ஆர்மோனியத்தைப் பழைய சேலையால் சுற்றி அலுமாரியின் மேல் ஏற்றினாள். இரண்டு வருடம் அந்த வீட்டில் ஒரு சுரம் ஒலிக்கவில்லை.

அந்த நாட்களில்தான், எண்பத்தொன்பதாம் ஆண்டு, 'ஓஷன் லில்லி' என்ற கப்பலின் வானொலிக் கருவியை இயக்குபவன் பல்வலியால் துடித்துக்கொண்டு துறையில் இறங்கினான். எந்த நாட்டவன் என்றுகூடப் பாக்கியரத்தினத்துக்குத் தெரியாது. சைக்கிளில் ஏற்றிப் பல்வைத்தியரிடம் கொண்டுபோனார். பல் போயிற்று, வலி போயிற்று. நன்றிக்கு அவன் கொடுத்ததுதான் அந்தக் கறுப்புப் பெட்டி. ரப்பர் விசைகள் வைத்த சின்னக் கணினி. ரீவியில் பொருத்தி, ரேப் ரெக்கோடரில் கசெற்றைப் போட்டு ஓடவிட்டால், ஐந்து நிமிட இரைச்சலுக்குப் பிறகு ஒரு விளையாட்டு வரும். பூச்சாடிகளுக்கு நடுவே ஒரு தேனீ பறக்கும். விளையாட்டுத் தொடங்குமுன் ஒரு பாட்டு. மெல்லிய, கம்பி போன்ற, சொற்களில்லாத ஒற்றைக் குரல் பாட்டு.

பாக்கியரத்தினம் விளையாடவேயில்லை. பாட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு குசினிக்கு வந்து வாசலில் நின்றார்.

"இஞ்சாரும் கமலம். அந்தப் பாட்டு உள்ளுக்கை எண்ணாய்த்தான் கிடக்குதாம். பெட்டியோடை வந்த புத்தகத்திலை போட்டிருக்கு. அதை வெளியிலை எடுக்க ஏலுமெண்டு நினைக்கிறன்."

"எடுத்து?"

"எடுத்து… உமக்குத் தரலாம்."

அவள் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாள்.

எட்டு மாதம் எடுத்தது. பெட்டியின் நினைவுக்குள் நாற்பதாயிரத்துக்கு மேல் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். எந்த அறைகளில் பாட்டு இருக்கிறது என்று யார் சொல்வது? வேலையால் வந்ததும் உட்காருவார். ஓர் அறையின் எண்ணை மாற்றுவார், விளையாட்டை ஓடவிடுவார். ஒருநாள் தேனீ தலைகீழாகப் பறந்தது. இன்னொரு நாள் பூச்சாடி காணாமற்போனது. பல நாள் எல்லாமே உறைந்துபோய், கசெற்றை முதலிலிருந்து ஓடவிட வேண்டிவந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டில் ஒரேயொரு சுரம் பிசகி ஒலித்தது. "கமலம்! பிழைச்சுப்போச்சு! பாட்டுப் பிழைச்சுப்போச்சு!" என்று குழந்தைபோலத் துள்ளிக்கொண்டு ஓடிவந்தார். பாட்டின் இடம் அகப்பட்டுவிட்டது.

பிறகு ஒவ்வோர் எண்ணாகக் கொப்பியில் எழுதினார். இடப்பக்கம் சுரத்தின் எண், அதன் கீழே பொடியாக அது எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்ற எண். வலப்பக்கம் அவளுக்காக ச, ரி, க, ம. பாடத் தெரியாத மனிதர் பெட்டியின் ஒலியையும் ஆர்மோனியக் கட்டையையும் மாறிமாறி அழுத்தி, காதை ஒட்டவைத்துக் கேட்டு, ஒவ்வொரு சுரமாக மாற்றினார். எழுதி முடித்த கொப்பியை ஆர்மோனியத்தின்மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். பின்னேரம் திரும்பிவந்து சைக்கிளைப் படலையில் சாத்தும்போது உள்ளே அந்தத் தேனீப் பாட்டு ஆர்மோனியத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது. அன்று அவர் வீட்டுக்குள் போகவில்லை. படலையைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்று அழுதார்.

அதற்குப்பின் வந்த கப்பல்களில் எல்லாம் அவர் கேட்டது ஒன்றையே. விளையாட்டுக் கசெற் இருக்கிறதா? சிலர் சிரித்தார்கள். சிலர் கொடுத்தார்கள். எட்டு வருடத்தில் பதினேழு பாட்டு. விளையாட்டுகளின் இங்கிலீசுப் பெயர்கள் அவர் நாக்கில் நிற்காது. துறைமுகத்து மனிதருக்கு நிற்பது கப்பலின் பெயர்தான். ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் தலைப்பாக அந்தக் கசெற் வந்த கப்பலின் பெயரையும் அது துறைக்கு வந்த தேதியையும் அழகான கையெழுத்தில் எழுதினார்.

கப்பலின் பெயர். வந்த தேதி. கீழே வரிசை வரிசையாக எண்கள்.

இதில் ஒரு குற்றம் இருக்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆவணியில், துறைமுகத்துப் பக்கம் வெடிச்சத்தம் கேட்ட மூன்றாம் நாள் விடிய, இராணுவத்தினர் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். வீட்டைச் சோதித்தவர்கள் கறுப்புப் பெட்டியை விளையாட்டுச் சாமான் என்று தள்ளிவைத்தார்கள். ரேப் ரெக்கோடரைக் கவிழ்த்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு மேசையில் போட்டார்கள். கொப்பியைத் திறந்தவன் மட்டும் திறந்தபடியே நின்றான். பிறகு மற்றவனைக் கூப்பிட்டான்.

"அது பாட்டு சேர். பாட்டு" என்று பாக்கியரத்தினம் சொன்னார். சொல்லிக்கொண்டே போனார். ஜீப்பில் ஏற்றும்போதும் அதையேதான் சொன்னார்.

அன்றிலிருந்து கமலேஸ்வரி முகாம் வாசலில் நின்றாள். பாட்டு என்றால் வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். பெட்டியோடு கிட்ட வராதே என்று துவக்கை நீட்டினார்கள். ஏழாம் நாள்தான், தலை நரைத்த ஓர் அதிகாரி ஜீப்பை நிறுத்தி, அவளோடு போயிருந்த றுக்கியாவிடம் சிங்களத்தில் விசாரித்தார். மூதூரிலிருந்து கலியாணம் கட்டி வந்து நகரத்துக் கடையில் இருபது வருடம் நின்ற றுக்கியாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அவர் சொன்னது இதுதான்: வியாழக்கிழமை மூன்று மணிக்கு வீட்டுக்கு வருகிறேன், அந்த மெஷினிலிருந்து பாட்டு வரட்டும், பார்ப்போம்.

அந்த வியாழக்கிழமைதான் இது.

"அந்தச் சின்ன ஆணியைத் திருப்பிப் பாருங்கவன்" என்றாள் றுக்கியா. "உங்கட மனிசன் எந்த நேரமும் அதைத்தானே திருகிக்கொண்டு இருக்கிறவர்."

ரெக்கோடரின் தலைப்பகுதியில் ஒரு சின்னத் திருகாணி இருந்தது. கீச்சுச் சத்தம் கூர்மையாகும்வரை பாக்கியரத்தினம் அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். அது அவருடைய காதுக்கு மட்டும் தெரிந்த இடம். குலுக்கிய குலுக்கலில் அது அசைந்திருக்க வேண்டும். கமலேஸ்வரி திருப்பினாள். கீச்சு மங்கியது. மறுபக்கம் திருப்பினாள். எட்டாவது தடவை. தொலைக்காட்சியின் ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடின. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். றுக்கியா வாய்க்குள் ஓதத் தொடங்கினாள். மூன்று நிமிடம்.

கோடுகள் நின்றன. கூடவே தலைக்கு மேல் சுழன்ற காற்றாடியும் நின்றது. கரண்ட் போய்விட்டது.

வெளியே ஜீப்பின் சத்தம் கேட்டது.

அதிகாரி வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அதைப் பார்த்ததும் கமலேஸ்வரிக்கு அழுகை முட்டியது. கதிரையில் அமர்ந்து கொப்பியை மேசையில் வைத்தார். எட்டு வருடம் அவள் தொட்ட கொப்பி. இப்போது அதன் அட்டையில் சிவப்பு மையில் ஓர் இலக்கம் இருந்தது.

"நோனா… அம்மா, மெஷின்?"

"கரண்ட் இல்லை ஐயா. கரண்ட் வந்தாலும்… அது வேலை செய்யுதில்லை. காலமை தொடக்கம் பாத்தனான். உங்கட ஆக்கள் குலுக்கினதிலை…"

றுக்கியா மொழிபெயர்க்கும்போது கடைசி வசனத்தை விட்டுவிட்டாள். அதிகாரி அவளைப் பார்த்தார். "நான் கொஞ்சம் தமிழ் தெரியும்" என்றார். "குலுக்கின. சரி. அப்ப பாட்டு எங்க?"

"என்ரை கையிலை ஐயா. நான் வாசிப்பன். கொப்பியைப் பாத்து வாசிப்பன்."

ஆர்மோனியத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு தரையில் அமர்ந்தாள். அதிகாரி குனிந்து பார்த்தார். "சேர்ப்பினா" என்றார். முகம் கொஞ்சம் இளகியது. "எங்கட இஸ்கோலத்திலயும், பள்ளிக்கூடத்தில, இருந்தது. ச ரி க ம. நான் ரெண்டு வருசம் படிச்சது."

கொப்பியில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தார். ஆனால் அதை அவளிடம் கொடுக்கவில்லை. மேசையில் கிடந்த செய்தித்தாளை மடித்துத் தலைப்பை மறைத்தார். இன்னொரு துண்டால் வலப்பக்கத்து சுரங்களை மறைத்தார். பிறகு றுக்கியாவிடம் நீளமாகப் பேசினார்.

றுக்கியா அவள் பக்கம் திரும்பினாள். "கமலாக்கா, அந்தப் பக்கத்து எழுத்தை ஆரும் பிறகும் எழுதலாமாம். எண்ணைப் பாத்து மட்டும் வாசிக்கட்டாம். எண் பாட்டெண்டால் எண்ணிலயிருந்து பாட்டு வரவேணுமாம்."

கமலேஸ்வரி எண்களைப் பார்த்தாள். ஐயோ! எட்டு வருடத்தில் ஒரு நாளாவது அவள் இடப்பக்கம் பார்த்தாளா? அவர் அவளுக்கென்று எழுதியது வலப்பக்கம் அல்லவா? இடப்பக்கம் அவருடைய உலகம். அவர் விளக்க வரும்போதெல்லாம், "எனக்கென்னத்துக்கு உந்த எண்கள், நீங்கள் சுரத்தைத் தாருங்கோ" என்று சிரித்துத் தள்ளிவிடுவாள்.

64, 64, 85, 64. அடுத்த வரி: 68, 77, 85.

முதல் எண்ணை ச என்று வைத்தாள். 85 பெரிது, ஆகவே மேலே போனாள். துருத்தி மூச்சுவிட்டது, சுரம் மேலே ஏறியது. பாட்டு இல்லை. யாரோ கட்டையைத் தட்டிப் பழகுவதுபோல் இருந்தது. அதிகாரி பேனையின் மூடியைக் கழற்றினார்.

"பொறுங்கோ ஐயா. ஒருக்கால்… ஒருக்கால் பொறுங்கோ."

"நோனா, தெரியாட்டி தெரியாது எண்டு சொல்லுறது நல்லம்."

"தெரியும் ஐயா! எனக்குத் தெரியும்!"

என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. அவருடைய குரலை நினைத்துப் பார்த்தாள். சாப்பாட்டுக் கோப்பையின் முன்னால் உட்கார்ந்து, சோற்றைக் குழைத்தபடி அவர் சொன்ன நூறு கதைகளில் ஒன்றே ஒன்று மேலே வந்தது. 'பகிடி என்னெண்டால் கமலம், உதிலை எல்லாம் தலைகீழ். எண் பெரிசானால் சுருதி இறங்கும்.'

இறங்கும்!

மேல் ச-வில் விரலை வைத்தாள். 64, 64. ச ச. 85, கீழே ஒரு பாய்ச்சல். ப. மறுபடி ச. பிறகு 68, 77, 85, படியிறங்குவதுபோல் ஒவ்வொன்றாக. நி, த, ப. அதற்குமேல் அவள் எண்ணைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. தேனீ! 'ஓஷன் லில்லி'! பல்வலிக்காரன் தந்த முதல் பாட்டு! அழுதுகொண்டே வாசித்தாள். பூச்சாடிகளுக்கு மேலாக அந்தச் சின்னப் பாட்டு பறந்து, திரும்பி, இறங்கி முடிந்தது.

அதிகாரி இன்னொரு பக்கத்தைத் திறந்து, எண்களின்மேல் விரலை வைத்தார். 85. அவள் ப-வை அழுத்தினாள். 64. ச. வேறு பக்கம், வேறு கப்பல். மறுபடி 85. மறுபடி அதே ப. நாலைந்து தடவை சோதித்தார். பிறகு தானே குனிந்து, ஒரு விரலால், 68, 77, 85 என்று மெதுவாக மூன்று கட்டைகளை அழுத்திப் பார்த்தார். செய்தித்தாளை எடுத்தார். றுக்கியாவிடம் மறைத்திருந்த எழுத்துகளை வாசிக்கச் சொன்னார்.

"நி… த… ப" என்று றுக்கியா வாசித்தாள்.

"பாட்டு" என்றார் அதிகாரி.

அந்த ஒரு சொல்லுக்குக் கமலேஸ்வரி பத்து நாள் காத்திருந்தாள். ஆர்மோனியத்தின்மேல் தலையைச் சாய்த்தாள். றுக்கியா அவள் தோளை இறுக்கிப் பிடித்தாள். "நான் சொன்னனான் தானே! சொன்னனான் தானே! இனி உங்கட மனிசன் வந்தோடன அந்தக் கொப்பியில கப்பல் பேரெல்லாத்தையும் அழிச்சுப்போட்டு மீன் பேரை எழுதச் சொல்லுங்க. சூரை, பாரை, அறக்குளா!"

பத்து நாளுக்குப் பிறகு கமலேஸ்வரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. கொண்டுவந்த கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்து, றுக்கியாவிடம் தாழ்ந்த குரலில் சிங்களத்தில் பேசத் தொடங்கினார். றுக்கியாவின் கை அவள் தோளிலிருந்து மெல்ல விலகியது.

"என்ன சொல்லுறார்?"

றுக்கியா மேசையிலிருந்த அந்தத் தாளையே பார்த்தாள்.

"என்ன சொல்லுறார் றுக்கியா? எப்ப விடுறாராம்?"

"என்னால சொல்ல ஏலாது அக்கா."

"சொல்லடி!"

அதிகாரியே சொன்னார். சொற்களைத் தேடித் தேடி, தவறிய இடத்தில் நின்று, மறுபடி தொடங்கிச் சொன்னார். நாலாம் நாள் உங்கள் மாத்தயா… உங்கள் கணவர்… ஒரு சிங்களக் கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டார். கப்பல் வரும் தேதி எழுதினேன், இயக்கத்து ஆட்களுக்குக் கொடுத்தேன் என்று அதில் இருக்கிறது.

"அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது ஐயா!"

"தெரியும் நோனா. அவருக்குத் தெரியாது எண்டு எனக்கு தெரியும்."

தாளின் அடியில் அந்தக் கையெழுத்து இருந்தது. கொப்பியில் அழகாக எழுதிய அதே கைதானா அது? கோடு எங்கோ தொடங்கி எங்கோ வழிந்திருந்தது. அதை எழுதியபோது அந்தக் கையில் விரல்கள் எப்படி இருந்தன என்று கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

"இப்ப அவர் முகாமிலை…"

"இல்ல. செவ்வாய்க்கிழமை தெற்குக்குக் கொண்டுபோன. அங்க பெரிய ஆக்கள் விசாரிக்கிற."

"செவ்வாய்க்கிழமையோ?" அவள் எழுந்து நின்றாள். "நேற்று நான் சோத்துப் பார்சல் குடுத்தனான். இண்டைக்குக் காலமையும் குடுத்தனான். உள்ளுக்கை குடுக்கிறமெண்டு வாங்கினவை. அவருக்குப் பிடிக்குமெண்டு முருங்கையிலைச் சுண்டல்… ஆர் ஐயா அதைச் சாப்பிட்டது?"

அதிகாரி கோப்பைத் தன் பக்கம் இழுத்தார்.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். முக்கால் பக்கம் எழுதினார். தன் பெயரையும் இலக்கத்தையும் போட்டுக் கையெழுத்து வைத்தார். றுக்கியா எட்டி வாசித்தாள். "எண்கள் சங்கீதமெண்டு தானே பரிசோதிச்சுக் கண்டதாம். அப்பிடித்தான் எழுதியிருக்கிறார்" என்று கிசுகிசுத்தாள்.

"இது அந்தக் கடதாசிக்கு மேல வைக்கிறது" என்றார் அதிகாரி. "நாளைக்கே அனுப்புற. மேல இருக்கிறது வாசிப்பாங்களா, கீழ இருக்கிறது வாசிப்பாங்களா, நான் தெரியாது."

"கொப்பி ஐயா?"

"கொப்பி போகவேணும். கொப்பி இல்லாட்டி என்ட கடதாசி பொய்."

கொப்பியைக் கோப்புக்குள் வைத்தார். கமலேஸ்வரி கையை நீட்டி, அதன் ஓரத்தை ஒரு முறை தொட்டாள். அவர் அவசரப்படுத்தவில்லை. அவள் கையை எடுத்த பிறகுதான் கோப்பை மூடினார்.

"அவரைக் கண்டால்…" என்று தொடங்கினாள்.

"நான் அங்க போறது இல்ல நோனா" என்றார் அவர்.

வாசலில் குனிந்து சப்பாத்தை மாட்டினார். கயிறு கட்ட நெடுநேரம் எடுத்தது. படியிலிறங்கித் திரும்பிப் பார்க்காமல் போய் ஜீப்பில் ஏறினார். ஜீப் ஒழுங்கை முனையில் திரும்பும்வரை றுக்கியா வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.